புறப்பட்டு நிற்கும் நொதி

முட்டையை வேக வைத்தால் வெள்ளைக்கரு கட்டியாகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். வெப்பத்தால் புரதங்கள் உருக்குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே காரணம். உயிருள்ள உயிரணுவுக்கும் இந்த ஆபத்து உண்டு. 25 டிகிரி செல்சியஸில் வாழும் பழ ஈயை 37 டிகிரிக்குக் கொண்டு சென்றால், அதன் உயிரணுக்களில் எச்.எஸ்.பி.70 என்னும் காப்புப் புரதம் மளமளவென்று பெருகுகிறது. உருக்குலையும் புரதங்களைப் பற்றி, அவை மீண்டும் உருப்பெற உதவுவது இதன் வேலை. தாமதமானால் பயனில்லை. இவ்வளவு விரைவு எப்படிச் சாத்தியம்?

புரதம் செய்வதற்கான குறிப்பு ஜீன் எனப்படும் மரபணுவில் இருக்கிறது. ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி அதன் மீது ஊர்ந்து சென்று ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்கிறது. நொதி மரபணுவின் வாசலில் வந்து அமர்வதா, வேண்டாமா என்பதுதான் முக்கியக் கட்டுப்பாடு என்று நெடுங்காலம் கருதப்பட்டது. பாக்டீரியாக்களை ஆராய்ந்ததால் வந்த எண்ணம் அது.

1986இல் டேவிட் கில்மர், ஜான் லிஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் வெப்பம் படாத ஈ உயிரணுக்களை ஆராய்ந்தார்கள். வேலையே இல்லாத அந்த மரபணுவின் வாசலில் நொதி ஏற்கெனவே இருந்தது! சும்மாவும் இருக்கவில்லை, சுமார் 25 எழுத்துகளைப் படியெடுத்துவிட்டு நின்றிருக்கிறது என்பது 1988இல் தெளிவாயிற்று.

நீராவி ஏற்றிக்கொண்டு, நிலையத்தைத் தாண்டிக் கைகாட்டிக்காக நிற்கும் ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே தடுத்து நிறுத்துபவை நெல்ஃப், டிசிஃப் என்னும் இரு புரதங்கள். கைகாட்டியை இறக்குவது பி-டெஃப்-பி என்னும் மற்றொரு நொதி. அது பாஸ்பேட்டுகளை ஒட்டியதும் நெல்ஃப் கழன்றுகொள்ள, டிசிஃப் கட்சி மாறி ஓட்டத்துக்கே துணை நிற்கிறது! சாதாரண வெப்பத்தில் ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒரு பாலிமரேஸ் தப்பிச் செல்கிறது. வெப்பம் தாக்கியதும் 4 வினாடிக்கு ஒன்று. நிமிடத்துக்குச் சுமார் 1,200 எழுத்து வேகத்தில் இரண்டே நிமிடத்தில் முதல் படி முடிந்துவிடும்.

இது வெப்பத்துக்கு மட்டுமான ஏற்பாடன்று. ஈயின் கரு வளர்ச்சியை நடத்தும் பல மரபணுக்களிலும் நொதி இப்படிக் காத்து நிற்பது 2007இல் தெரிந்தது. பக்கத்துப் பக்கத்து உயிரணுக்கள் ஒரே நேரத்தில் வேலையைத் தொடங்க இது உதவுகிறது. என் பார்வையில், விரைவைக் காட்டிலும் இந்த ஒழுங்கே பெரிய லாபம்.

மனித உயிரணுக்களிலும் இதே கைகாட்டி உண்டு. எச்.ஐ.வி. வைரஸ் அதை நன்றாகவே அறிந்து வைத்திருக்கிறது. நம் டி.என்.ஏ.யில் புகுந்துகொண்ட வைரஸ் மரபணுக்களைப் படியெடுக்கும் நொதியும் தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது. டாட் என்னும் வைரஸ் புரதம் நம்முடைய பி-டெஃப்-பியையே இழுத்து வந்து வழிவிடச் செய்கிறது. டாட் போதிய அளவு இல்லாத உயிரணுக்களில் வைரஸ் பேசாமல் உறங்கும். இன்றைய மருந்துகள் பெருகும் வைரஸைத்தான் தடுக்கின்றன, உறங்குவது தப்பிவிடுகிறது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு நோய்க்கிருமி மீண்டும் தலைதூக்குவது இதனால்தான்.