பெயர் சொல்லாத 28 லட்சம் பெண்கள்

"உங்கள் பெயர் என்ன?" என்று யாராவது கேட்டால் நாம் சட்டென்று சொல்லிவிடுகிறோம். ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், பாங்கில், குழந்தையின் பள்ளிக்கூடத்தில் என்று ஒரே நாளில் நாலு இடத்தில் கூடச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதில் என்ன அதிசயம் என்றுதான் தோன்றும். ஆனால் நம் நாடு குடியரசான புதிதில், இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாததால் சுமார் 28 லட்சம் பெண்களுக்கு ஓட்டே இல்லாமல் போயிற்று என்றால் நம்புவீர்களா?

அடுப்பில் குழம்பு கொதிக்கட்டும். அதுவரை இந்தக் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

எல்லோருக்கும் ஓட்டு

1950 ஜனவரி 26-ம் தேதி இந்தியா குடியரசு ஆயிற்று. 21 வயது நிரம்பிய ஆண், பெண் எல்லோருக்கும் ஓட்டு உண்டு என்றது நம் அரசியல் சட்டம். (அது 18 வயதாகக் குறைந்தது 1989-ல்.)

வெள்ளைக்காரர் காலத்திலும் தேர்தல்கள் நடந்தன. சென்னை மாகாணத்தில் 1921-லேயே பெண்களுக்கு ஓட்டு வந்துவிட்டது. ஆனால் சொத்து இருக்கணும், வரி கட்டியிருக்கணும் என்று ஏகப்பட்ட நிபந்தனைகள்! அந்த நாளில் எத்தனை குடும்பப் பெண்களின் பெயரில் சொத்து இருந்திருக்கும், சொல்லுங்கள்? புதிய சட்டம் அந்த நிபந்தனைகளை எல்லாம் ஒரே அடியாகத் தள்ளிவிட்டது. ஜமீன்தார் வீட்டு அம்மாவுக்கும் ஒரு ஓட்டு, அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கும் ஒரு ஓட்டு.

பிரான்ஸ் நாட்டுப் பெண்கள் முதன்முதலில் ஓட்டுப் போட்டது 1945-ல்தான். சுவிட்சர்லாந்துப் பெண்கள் தங்கள் நாட்டுப் பாராளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட 1971 வரை காத்திருந்தார்கள். அதை வைத்துப் பார்த்தால், நமக்குக் கிடைத்தது எவ்வளவு பெரிய சொத்து என்று புரியும்.

கதவுக்குப் பின்னால் இருந்து வந்த பதில்

தேர்தலை நடத்தும் பொறுப்பு சுகுமார் சென் என்ற அதிகாரியிடம் வந்தது. அவர்தான் நாட்டின் முதல் தலைமைத் தேர்தல் கமிஷனர். 17 கோடிக்கு மேல் வாக்காளர்கள். நூற்றுக்கு 85 பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதி வர வேண்டும். அந்தப் பட்டியலை டைப் அடிக்க மட்டும் 16,500 குமாஸ்தாக்களை ஆறு மாதத்துக்கு நியமித்தார்கள்.

பட்டியலைப் பார்த்த அதிகாரிகளுக்கு ஒரே திகைப்பு. வடக்கே பல ஊர்களில் பெண்கள் தங்கள் பெயரையே கொடுக்கவில்லை. "இன்னாருடைய அம்மா", "இன்னாருடைய சம்சாரம்" என்றுதான் பதிவாகியிருந்தது. முன்பின் தெரியாத ஆண்பிள்ளை வாசலில் நின்று கேட்டால் பெயரைச் சொல்வதா? அது கௌரவக் குறைச்சல் என்று அவர்களை வளர்த்திருந்தார்கள்.

சுகுமார் சென் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பெயர்தான் ஒரு வாக்காளருக்கு அடையாளம். பெயர் இல்லாத பதிவைப் பட்டியலில் வைத்திருக்க முடியாது என்றார். பெயரைச் சொல்லிச் சேர்ந்துகொள்ளப் பீகாரில் ஒரு மாதம் கூடுதல் அவகாசமும் கொடுத்தார்கள். அப்படியும், ஏறக்குறைய 8 கோடிப் பெண் வாக்காளர்களில் சுமார் 28 லட்சம் பேர் பெயர் சொல்லவில்லை. அவர்களுடைய பதிவு நீக்கப்பட்டது. அநேகமாக எல்லோரும் பீகார், உத்தரப் பிரதேசம், மத்திய பாரத், ராஜஸ்தான், விந்தியப் பிரதேசம் ஆகிய இடங்களைச் சேர்ந்தவர்கள்.

இது நியாயமா? எனக்கும் முதலில் மனசு கஷ்டப்பட்டது. அந்தப் பெண்கள் செய்த தப்பு என்ன? பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தபடி நடந்தார்கள், அவ்வளவுதானே! ஆனால் யோசித்துப் பார்த்தால் வேறொன்று தோன்றுகிறது. "இன்னார் சம்சாரம்" என்று எழுதிக்கொண்டே போயிருந்தால், அந்த ஓட்டு அவளுடையதாக இருந்திருக்குமா, இன்னாருடையதாக இருந்திருக்குமா? ஒரே வீட்டில் நாலு மருமகள் இருந்தால் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எப்படித் தெரியும்? ஒருத்தி பெயரில் இன்னொருத்தி போட்டாலும் கேட்பார் இருந்திருக்காது.

என் மாமியார் சொன்னது

நம் பக்கத்தில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. நம் பெண்கள் சொல்லத் தயங்கியது புருஷன் பெயரைத்தான்! முருகன் பெயர் என்றால் வேலைக் காட்டுவார்கள். ரொம்பக் கேட்டால் பக்கத்தில் நிற்கும் பிள்ளையைச் சொல்லச் சொல்வார்கள். ஆனால் பட்டியலில் பெயர் இருந்தது என்பதால், வீட்டில் அந்தப் பெயர் புழக்கத்தில் இருந்தது என்று அர்த்தமில்லை.

என் மாமியார் 1952 ஜனவரியில் முதல் ஓட்டைப் போட்டவர். அவருக்கு நீளமான சாமி பெயர். பிறந்த வீட்டில் அது 'பாப்பா' என்று சுருங்கி, புகுந்த வீட்டில் 'பெரியவன் சம்சாரம்' என்று மாறிவிட்டது. ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன்.

"முதல் ஓட்டு யாருக்குப் போட்டீங்க, அத்தை?"

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு? உங்க மாமா சொன்ன பெட்டியிலேதான் போட்டிருப்பேன். ஆனா ஒண்ணு சொல்றேன், கேளு. அந்த ஆபீசர் லிஸ்டைப் பார்த்து என் பேரை முழுசா, சத்தமாப் படிச்சார். கல்யாணமாகி ஆறு வருஷத்திலே என் பேரை யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஒரு நிமிஷம் வேற யாரையோ கூப்பிடறாங்கன்னு நினைச்சேன்!"

அடுத்தடுத்த தேர்தல்களில் பெட்டியை அவரேதான் தீர்மானித்தார். மாமா கேட்டால், "ரகசிய ஓட்டுன்னு சர்க்காரே சொல்லியிருக்கு" என்பார்.

ஓட்டுச் சாவடியில்

அந்தத் தேர்தல் இன்று மாதிரி இல்லை. சீட்டில் முத்திரை குத்த வேண்டாம், பொத்தானும் கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனி இரும்புப் பெட்டி. அதன் மேல் அவருடைய சின்னம் ஒட்டியிருக்கும். காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை, சோஷலிஸ்டுகளுக்கு மரம். மறைவுக்குப் போய், பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். எழுத்துத் தெரியாதவர்களுக்காகச் செய்த ஏற்பாடு இது. பீரோ செய்யும் கோத்ரெஜ் கம்பெனி பம்பாயில் 12 லட்சத்துக்கும் அதிகமான பெட்டிகளைச் செய்து கொடுத்தது.

இமயமலையில் பனி விழுந்து வழி அடைபடுமுன் முடிக்க வேண்டும் என்று, இமாசலத்தில் உள்ள சினி பகுதியில் 1951 அக்டோபர் 25-ம் தேதியே ஓட்டுப்பதிவு தொடங்கியது. நாடு முழுவதும் முடிய 1952 பிப்ரவரி ஆயிற்று. 27,000-க்கும் மேற்பட்ட சாவடிகள் பெண்களுக்கென்றே தனியாக இருந்தன. லோக்சபாவின் 489 இடங்களில் 364 காங்கிரசுக்குக் கிடைத்தன. நம் பக்கத்திலிருந்து அம்மு சுவாமிநாதன் திண்டுக்கல்லிலும், மரகதம் சந்திரசேகர் திருவள்ளூரிலும் ஜெயித்து டில்லிக்குப் போனார்கள்.

உங்கள் பெயர் இருக்கிறதா?

2019, 2024 லோக்சபா தேர்தல்களில் ஓட்டுப் போட்ட பெண்களின் சதவீதம் ஆண்களைவிடச் சற்றே அதிகம். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது, இல்லையா? ஆனாலும் கல்யாணமாகி ஊர் மாறி வந்த பெண்கள் பலருக்குப் பட்டியலில் பெயர் இன்னும் பிறந்த வீட்டு முகவரியிலேயே இருக்கிறது. காஸ் இணைப்பை மாற்றுகிறோம், ரேஷன் கார்டை மாற்றுகிறோம், இதை மட்டும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம்.

முகவரி மாற்றவோ பிழை திருத்தவோ படிவம் 8. புதிதாகச் சேர படிவம் 6. சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். குடியரசு பிறந்த வருஷமே எண்ணாக இருப்பதால் மறக்கவும் மறக்காது! தேர்தல் அறிவித்த பிறகு ஓடுவதைவிட, ஒரு ஓய்வான மத்தியானத்தில் இதை முடித்துவிடுவது நல்லது. வீட்டில் 18 வயது நிரம்பிய பெண் இருந்தால் அவள் பெயரையும் சேர்த்துவிடுங்கள். விண்ணப்பத்தில் தன் பெயரை அவளே தன் கையால் எழுதட்டும்.