பெட்டி மாறிய அம்பாசிடர்

காரின் ஆர்.சி. புத்தகத்தில் என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பதியப்படுகின்றனவே தவிர, கியர்பாக்ஸின் எண் பதியப்படுவதில்லை. ஆகவே ஐம்பது ஆண்டுகள் ஓடிய வண்டியில் அந்தப் பெட்டி எத்தனை முறை மாறியது என்பதை இரும்பைப் பார்த்தே அறிய வேண்டும். 1983-இல் மாருதி வரும்வரை இந்தியச் சாலைகளில் அம்பாசிடரும் பியட்டுமே மிகுந்திருந்தமையால், பனியன் தொழில் வளர்ந்துவந்த காலத்துத் திருப்பூரின் கார் நினைவும் இவ்விரண்டையே சுற்றி நிற்கிறது. பெட்டி மாறும் சிக்கலோ அம்பாசிடரில்தான் மிகத் தெளிவாகப் புலப்படுகிறது.

பழைய அம்பாசிடரில் 1489 சி.சி. பி.எம்.சி. என்ஜினோடு இணைந்திருந்தது நான்கு கியர் பெட்டி. அதன் கைப்பிடி ஸ்டியரிங் தண்டிலேயே இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் வந்த 1800 வகையிலோ இசுசு என்ஜினும், தரையில் கைப்பிடி கொண்ட ஐந்து கியர் பெட்டியும் அமைந்தன. பழைய பெட்டியின் முதல் கியரில் சிங்க்ரோமெஷ், அதாவது பற்கள் கூடுமுன் சுழல்வேகங்களைச் சமப்படுத்தும் பித்தளை வளையம், கிடையாது. அதன் நேர்ப்பற்கள் ஒருவித முனகலை எழுப்புவதும், ஓடும் வண்டியில் அந்தக் கியரைப் போட்டால் கரகரப்பதும் பழுதல்ல, அந்தப் பெட்டியின் பிறவிக்குணம். இது தெரியாமல் நல்ல பெட்டியைக் கழற்றி எறிவது வருந்தத்தக்கது.

ஓசையால் மட்டும் முடிவெடுக்கலாகாது. பெட்டியைக் கீழிறக்கியபின், முன்தண்டைக் கையால் சுற்றி, பின்தண்டு ஒரு சுற்று வருவதற்கு முன்தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று ஒவ்வொரு கியரிலும் எண்ணினால் கியர் விகிதம் கிடைத்துவிடும். பின்னல் எந்திரத்தில் நூலூட்டும் புல்லியின் விட்டம் சிறிது மாறினாலும் கண்ணியின் நீளமும் துணியின் ஜி.எஸ்.எம்.மும், அதாவது சதுர மீட்டருக்கான எடையும், மாறிவிடும் என்பதை அறிந்த நிட்டிங் தொழிலாளருக்கு, இந்த விகிதக் கணக்கைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

விகிதம் பொருந்தினாலும் பெட்டி பொருந்திவிடாது. என்ஜினோடு சேரும் பெல் ஹவுசிங்கின் போல்ட் துளைகள், கிளட்ச் பிளேட்டின் நடுத்துளைக்குள் நுழையும் முன்தண்டின் வரிப்பற்கள், அத்தண்டின் நுனியைத் தாங்கும் பைலட் புஷ் ஆகிய மூன்றும் அளவொத்திருக்க வேண்டும். நுனி புஷ்ஷை எட்டாமல் போனால் தண்டு ஆடி, பேரிங் விரைவில் தேயும். பெட்டி நீளமோ குட்டையோ ஆனால் பின்னச்சுக்கு விசை கொண்டுசெல்லும் புரொபெல்லர் ஷாஃப்ட்டையும் அதற்கேற்ப மாற்றிச் சமன்செய்ய வேண்டும். ஸ்பீடோமீட்டர் கேபிளின் சிறு பல்சக்கரத்தை மறந்தால் முள் பொய்வேகம் காட்டும்.

இவையனைத்தும் நல்ல லேத் பட்டறையில் தீரக்கூடியவை. தீராதது தரைத்தகட்டை அறுப்பதுதான். ஐந்து கியர் பெட்டியின் கைப்பிடிக்காகப் பழைய காரின் தரையில் துளையிடுவோர், 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட விண்டேஜ் வாகன விதிகளைக் கவனிக்க வேண்டும்: ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாகனம் அவ்வகையில் பதிவுபெற, சேஸிசிலும் உடற்கூட்டிலும் என்ஜினிலும் மாற்றமின்றி மூல வடிவில் இருக்க வேண்டும் என அவை கூறுகின்றன. கியர்பாக்ஸ் அப்பட்டியலில் தனியே சொல்லப்படவில்லை. ஆனால் அதற்காக அறுக்கப்படும் தரை உடற்கூட்டின் பகுதியன்றோ? நெடுஞ்சாலை ஓட்டத்துக்காக ஐந்தாவது கியரை விரும்புவது குற்றமன்று. அவ்வாறு மாற்றுவோர் கழற்றிய பழைய பெட்டியையும், ஸ்டியரிங் தண்டின் இணைப்புக் கம்பிகளையும், வெட்டாத பழைய ஷாஃப்ட்டையும் எண்ணெய் தடவி, எந்த வண்டிக்குரியவை என்று சீட்டெழுதிக் கட்டி வைத்தல் வேண்டும்.