மரப்பொந்து நடத்திய பாடம்

ஒன்பதாம் வகுப்பில் விலங்குலகம் நடத்திக்கொண்டிருந்தேன். பைப்பாலூட்டி என்றதும் வழக்கம்போல் கரும்பலகையில் கங்காருவை வரைந்தேன். கடைசி வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், பை இருக்கிற மிருகம் எல்லாமே புல்லுதான் தின்னுமா?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோதுதான் என் பதில் தவறு என்று தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் ஊன் உண்ணும் பைப்பாலூட்டிகள் பல உண்டு. அவற்றுள் மரத்திலேயே வாழும் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. மறுநாள் முதல் வேலையாக வகுப்பில் என் தவறை ஒப்புக்கொண்டு, அந்த விலங்கைப் பற்றிச் சொன்னேன். அதையே இங்கு உங்களோடு பகிர்கிறேன்.

பெயரில் பை உண்டு

அதன் பெயர் பாஸ்கோகேல். 'பை', 'மரநாய் போன்ற சிறு விலங்கு' என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களால் ஆன பெயர். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் வழங்கிய துவான் என்ற பெயரும் இதற்கு உண்டு. அணிலைவிடச் சற்றுப் பெரியது. எடை ஏறக்குறைய 200 கிராம். சாம்பல் நிற உடல். வாலின் பின்பகுதியில் கறுப்பு முடிகள் 5 செ.மீ.க்கும் மேல் நீண்டு, பாட்டில் கழுவும் பிரஷ்போல விரிந்து நிற்கும்.

பெயரில் பை இருந்தாலும் கங்காருவைப் போல நிரந்தரமான பை இதற்கு இல்லை. இனப்பெருக்கக் காலத்தில் பெண்ணின் வயிற்றுத் தோல் மட்டும் மடிப்பாக எழும்பிக் குட்டிகளைக் காக்கும். பின்பாதத்தைப் பின்னோக்கித் திருப்ப முடிவதால் தலைகீழாக மரத்திலிருந்து இறங்கும். இரவில் பட்டைகளை உரித்துப் பூச்சி, சிலந்தி, பூரான் பிடித்துத் தின்னும். யூக்கலிப்டஸ் பூக்களின் தேனையும் குடிக்கும்.

ஓராண்டே வாழும் ஆண்

மாணவர்களை அசையாமல் உட்கார வைத்தது அடுத்த செய்திதான். மே முதல் ஜூலை வரை இனச்சேர்க்கைக் காலம். அது முடிந்ததும் காட்டில் உள்ள ஆண்கள் எல்லாம் இறந்துவிடுகின்றன. ஒரு வயதுகூட நிறைவதில்லை. அந்தச் சில வாரங்களில் கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் உடலில் மிக அதிகமாகச் சுரக்கின்றன. நோய் எதிர்ப்பாற்றல் சரிகிறது. இரைப்பையில் புண் உண்டாகிறது. நாளமில்லாச் சுரப்பிகள் பாடத்துக்கு இதைவிட மறக்க முடியாத எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

ஆக, ஆண்டின் ஒரு பகுதியில் காட்டில் எஞ்சியிருப்பவை கருவுற்ற பெண்கள் மட்டுமே. அந்த ஆண்டு காட்டுத்தீயாலோ வறட்சியாலோ அவை அழிந்தால், மீட்டெடுக்க வேறு ஆண்கள் இல்லை. இந்த இனம் எளிதில் நலிவடைய இது முக்கியக் காரணம்.

நூறாண்டுப் பொந்து

ஒரு பெண்ணுக்கு வழக்கமாக 40 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 100 ஏக்கர் காடு வேண்டும். அதற்குள் பல பொந்துகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய வாசல் உள்ள பொந்துதான் பாதுகாப்பானது. பெரிய வாசல் என்றால் எதிரியும் நுழைந்துவிடும்.

நம் ஊரில் மரங்கொத்தி துளையிட்டுக் கொடுக்கும். ஆஸ்திரேலியாவில் மரங்கொத்தியே இல்லை. கிளை முறிந்து, பூஞ்சை அரித்து, கரையான் குடைந்துதான் பொந்து உருவாக வேண்டும். அதற்கு நூறாண்டுக்கு மேல் ஆகும்.

விக்டோரியா மாநிலத்தில் 1851-இல் தங்க வேட்டை தொடங்கியது. சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்கவும், எந்திரங்களுக்கு விறகாகவும், பிறகு தண்டவாளக் கட்டைகளுக்காகவும் 'பாக்ஸ்-அயன்பார்க்' எனப்படும் காடுகளின் முதிய மரங்கள் வெட்டப்பட்டன. விளைநிலத்துக்காகவும் காடு அழிந்தது. அந்தக் காட்டில் இன்று ஆறில் ஒரு பங்கு அளவே மிச்சம். அதிலும் பெரும்பாலானவை இளமரங்கள். வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட நரியும் பூனையும், தரைக்கு இறங்கும் துவானைப் பிடித்துத் தின்கின்றன.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. விக்டோரியாவின் யூரோவா பகுதியில் சாலையோரங்களில் மட்டும் முதிய மரங்கள் வரிசையாக வெட்டப்படாமல் நின்றன. அந்தக் குறுகிய பட்டைகளில் துவான்கள் நன்றாக வாழ்வதை ஆய்வாளர்கள் கண்டனர். பரப்பு குறைவாக இருந்தாலும் மரம் முதியதாக இருந்தால் பிழைக்கின்றன.

பொந்து இல்லாத இடங்களில் சிறு வாசல் வைத்த மரப்பெட்டிகளை மரத்தில் கட்டுகிறார்கள். துவான் அவற்றை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் சில பெட்டிகளில் தேனீ குடியேறிவிடும். சில ஆண்டுகளில் பலகையும் உளுத்துப்போகும். பெட்டி, இளமரம் முதிரும்வரை தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடுதான்.

வகுப்பறைக்கு வெளியே

இதை நடத்தி முடித்ததும் அதே மாணவி கேட்டாள்: "நம்ம ஸ்கூல் வாகை மரத்துலயும் பொந்து இருக்கே டீச்சர், அதையும் வெட்டப் போறாங்களா?" எனக்குத் தொண்டை அடைத்தது. காய்ந்துபோன அந்த மரத்தை வெட்டச் சொல்லித் தலைமையாசிரியரிடம் மனு எழுதிக் கொடுத்தவளே நான்தான். குழந்தைகள் தலையில் கிளை விழுந்துவிடக் கூடாதே என்ற பயம்.

மறுநாள் மாணவர்களோடு மரத்தடிக்குப் போனோம். இரண்டு பொந்துகள், ஒன்றில் பச்சைக்கிளிகள். பள்ளி மேலாண்மைக் குழுவிடம் பேசி, நடைபாதைக்கு மேல் நீண்ட கிளைகளை மட்டும் வெட்டி, அடிமரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி விட்டோம். பாதுகாப்பும் கெடவில்லை, கிளிகளும் போகவில்லை.

நீங்களும் உங்கள் பள்ளியில் ஒரு பாடவேளையை ஒதுக்கிப் பாருங்கள். வளாகத்து மரங்களின் சுற்றளவை அளக்கச் சொல்லுங்கள். கணக்குப் பாடமும் ஆகும். எதில் பொந்து உண்டு, யார் வந்துபோகிறார்கள் என்று தூரத்தில் நின்றே குறித்துவரச் சொல்லுங்கள். மரக்கன்று நடும் விழாவை ஆண்டுதோறும் நடத்துகிறோம். நட்டது பொந்து விடும்வரை நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்போம்.