அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைக்கு சோசியல் செக்யூரிட்டி எண் எப்போது கிடைக்கும்?

பாடி, அம்பத்தூர் பகுதியிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கச் செல்லும் நம் பிள்ளைகள், போனவுடன் சோசியல் செக்யூரிட்டி எண் கிடைத்துவிடும் என்று எண்ணுகிறார்கள். எஃப்-1 விசா மாணவருக்கு வேலை உறுதியான பிறகே அந்த எண். கல்லூரி வளாகத்துக்குள், பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். வேலை தருபவரின் கடிதம், கல்லூரியின் கடிதம் இரண்டையும் பாஸ்போர்ட், ஐ-20 ஆகியவற்றுடன் எடுத்துச் செல்ல வேண்டும். கட்டணம் கிடையாது, ஏஜெண்டுக்குப் பணம் எதற்கு?

எண் இல்லையென்று வெளியே கடைகளில் ரகசியமாக வேலை செய்தால் மாணவர் தகுதியே பறிபோகும். வீட்டை அடகு வைத்து அனுப்பிய பெற்றோர் என்ன செய்வார்கள்? விசா நிபந்தனையும் நாம் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம்தானே!

வேலையின்றி, வரிக்குரிய உதவித்தொகை மட்டும் பெறுவோர் டபிள்யூ-7 படிவத்தில் வரி எண் கேட்கலாம். வருமானமே இல்லாத மாணவரும் 8843 படிவத்தை ஜூன் 15-க்குள் அனுப்ப வேண்டும்.