வருகின்ற லினக்ஸ் நமக்கு எவ்வாறு அமைதல் வேண்டும்?

மன்னார்ப் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்குமரத்தை அறியாதார் அத்தீவில் இலர். ஆபிரிக்க மண்ணுக்குரிய அம்மரத்தை அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பர். எங்கிருந்தோ வந்த மரம் இம்மணலில் வேரூன்றி இன்று நம்மூர் மரமாகவே ஆகிவிட்டது. நம் கணினிகளுக்கு வரும் லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையும் அவ்வாறு வேரூன்ற வேண்டாமா?

1991 ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய முயற்சி இது. எவரும் இதனை விலையின்றிப் பெறலாம், பிறருக்கு அளிக்கலாம், தம் தேவைக்கேற்பத் திருத்தவும் செய்யலாம். இதன் வகைகளுள் ஒன்றாகிய உபுண்டு ஆண்டுதோறும் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் புதிய பதிப்பாக வெளிவருகின்றது. அடுத்த பதிப்பில் இன்னின்னவை வேண்டும் என்று உலகெங்கும் பயனாளர் கேட்கின்றனர். மன்னார்க் குடும்பம் ஒன்று கேட்க வேண்டியவை யாவை?

முதலாவது, சாவிப்பலகை. நம் நாட்டில் பலரின் விரல்கள் பழகியது ரெங்கநாதன் முறை. லினக்ஸில் அது கிடைக்காமலில்லை. ஆயின் தனியே தேடி நிறுவுதல் வேண்டும். புதிதாக வருபவர் அவ்விடத்திலேயே சலித்துவிடுவார். 'தமிழ், இலங்கை' என்று தெரிவு செய்த அக்கணமே அது ஆயத்தமாக நிற்றல் நலம்.

இரண்டாவது, பழைய எழுத்துக்களை மீட்டல். பல்லாண்டுகளாக நம் பாடசாலை வினாத்தாள்களும் சங்கக் கணக்குகளும் பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டன. அதில் 'அம்மா' என்னுஞ் சொல், கணினியின் உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே பதிவாகியிருக்கும். பாமினி இல்லாத கணினியில் அன்னையின் பெயரே பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாய்த் தோன்றும்! போரினால் இடம்பெயர்ந்து ஏடுகளை இழந்த மாவட்டம் இது. எஞ்சிய ஆவணம் ஒவ்வொன்றும் அரிய செல்வமன்றோ? அத்தகைய கோப்பைத் திறந்தவுடன் இனங்கண்டு, ஒருங்குறித் தமிழாக மாற்றித் தரும் வசதி உடனிருத்தல் வேண்டும்.

மூன்றாவது, சொல். நம் பாடநூலில் 'சாவிப்பலகை' என்று கற்ற மாணவர் திரையில் 'விசைப்பலகை' என்பதைக் காண்கின்றார். இரண்டும் நல்ல தமிழே. எனினும் இலங்கை வழக்கைத் தெரிவு செய்ய இடமிருந்தால் இளஞ்சிறார் மயங்கார். பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாய் நிற்கும் பட்டியல்களும் நிறைவுபெற வேண்டும்.

நான்காவது, சிக்கனம். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் நாளோடு நின்றது. விண்டோஸ் 11ஐ ஏற்கவியலாத பழைய கணினிகளை எறிந்துவிடாமல் காப்பதற்கு லினக்ஸ் உதவும். ஆனால் உபுண்டுவை இறக்குவதற்கே ஐந்து கிகாபைட்டுக்கு மேல் தேவைப்படுகின்றது. கைத்தொலைபேசித் தரவை அளந்து செலவிடும் வீட்டுக்கு இது பெருஞ்சுமை. ஒரு வீட்டில் இறக்கிய புதுப்பிப்பைப் பென்டிரைவில் அயல்வீட்டுக்கு எளிதாகக் கொண்டுசெல்லும் வழி வேண்டும்.

இவற்றை யார் செய்து தருவர்? இந்நான்கனுள் முதல் மூன்றும் தமிழ் அறிந்தோர் கைப்பட வேண்டிய பணிகள். எங்கோ இருக்கும் பொறியியலாளர், பாமினியையும் பாடநூற் சொல்லையும் நம்மைப்போல் அறிவாரா? லினக்ஸ் திரைகளில் இன்று நாம் காணும் தமிழும் பெரும்பாலும் தன்னார்வலர் உழைப்பின் பயனே. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நம் நாட்டவர் உருவாக்கிய சகானா என்னும் கட்டற்ற மென்பொருள், பிறநாட்டுப் பேரிடர்களிலும் உதவியது. ஆகவே நம்மால் இயலாது என்பதற்கு இடமில்லை.

மாணவ மணிகளே! திரையில் தவறான சொல்லொன்றைக் கண்டால் நகைத்துவிட்டு அகலாதீர்கள். குறித்துவையுங்கள், சரியான சொல்லை ஆசிரியருடன் ஆராய்ந்து, மொழிபெயர்ப்போருக்கு அனுப்புங்கள். பெருக்குமரமும் ஒருநாள் சிறு விதையாகவே கரையேறியது. நீங்கள் அனுப்பும் ஒரு சொல் அடுத்த பதிப்பில் இடம்பெறுமாயின், பேசாலையிலும் தலைமன்னாரிலும் உள்ள உங்கள் தம்பி தங்கையர் அதனைத் தம் மொழியிலேயே படிப்பர்.