தண்ணீர்தானே என்று நினைத்தேன்!

நாங்கள் வேலூரை அடுத்த கணியம்பாடியில் இருக்கிறோம். 2012-ல் தமிழ்நாடு முழுக்க மணிக்கணக்கில் கரன்ட் போனதே, அப்போது சீட்டுப் பணத்தில் வாங்கிய இன்வர்ட்டர் இன்னும் உழைக்கிறது. பேட்டரியைத்தான் என் கையாலேயே கெடுத்தேன்.

என் மாமியாருக்கு வீசிங் உண்டு. இரவில் இரைப்பு வந்தால் நெபுலைசர் வைக்க வேண்டும். கணவருக்கோ தோல் கம்பெனியில் இரவு வேலை. போன கோடையில் பேட்டரியில் தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு இறங்கியிருந்தது. டிஸ்டில்டு வாட்டர் வாங்க வேலூர் போகணுமே என்று சோம்பல்பட்டு, போர் தண்ணீரை ஊற்றிவிட்டேன். குடத்தடியில் வெள்ளையாகப் படியும் உப்புத் தண்ணீர் அது!

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி கரன்ட் போனது. பத்தே நிமிடத்தில் இன்வர்ட்டர் கத்திவிட்டு நின்றது. மூச்சுத் திணறிய மாமியாரைத் தாங்கிப் பிடித்து, நாலு வீடு தள்ளி இன்வர்ட்டர் உள்ள வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அன்று பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"ஏன்க்கா, குடிக்கிற தண்ணியே இதுக்கு ஆகாது. உப்புத் தண்ணிய ஊத்தினா பிளேட் என்னத்துக்கு ஆகும்?" என்றார் மெக்கானிக் தம்பி. அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

மாதம் ஒருமுறை தண்ணீர் அளவைப் பாருங்கள். குறைவது தண்ணீர்தான், ஆசிட் அல்ல. அதனால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும், கோடு வரை ஊற்றினால் போதும். சார்ஜ் ஆகும்போது தீப்பிடிக்கக்கூடிய வாயு வரும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பக்கத்தில் விளக்கோ ஊதுபத்தியோ வேண்டாம். முனையில் பூத்திருந்தால், இன்வர்ட்டரை நிறுத்தி, மூடிகளை இறுக்கிவிட்டு, வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்துப் பழைய பிரஷ்ஷால் தேயுங்கள். ஈரம் துடைத்து வாசலைன் தடவுங்கள். கையுறை அவசியம். கரன்ட் போகாவிட்டாலும் மாதம் ஒருநாள் அரை மணி நேரம் பேட்டரியில் ஃபேன் ஓட்டி, மறுபடி முழுக்கச் சார்ஜ் ஏற்றுங்கள். எமர்ஜென்சி விளக்கையும் சார்ஜ் இறங்கியபடியே பரண் மேல் போட்டுவிடாதீர்கள்.

பழைய பேட்டரிக்குள் இருக்கும் ஈயம் விஷம். குழந்தைகள் கைபடும் இடத்தில் போடாமல் பேட்டரிக் கடையிலேயே கொடுத்தால், புதியதன் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

இப்போதெல்லாம் மாதம் பிறந்தால், "பேட்டரிக்குத் தண்ணி பார்த்தியாம்மா?" என்று மாமியாரே ஞாபகப்படுத்துகிறார்.

- ஒரு வாசகி, கணியம்பாடி.