லத்தீன் கமுந்திங்குக்கு வந்திருந்தால்...

நம் வீட்டுச் சாவியின் பாட்டன் ஊர் ரோமாபுரி. அலமாரி, மேசை, சன்னல் ஆகியவற்றுக்கும் அதே பூர்வீகம்தான். லத்தீனில் பிறந்து, போர்த்துகீசியத்தில் வளர்ந்து, கப்பலேறி நம்மிடம் வந்த சொற்கள் இவை. மலாயில் மேஜா, அல்மாரி, ஜெண்டெலா என்று இருப்பதும் அதே கப்பல் சரக்கே.

இவை எல்லாமே பெயர்ச்சொற்கள் என்பதைக் கவனியுங்கள். இந்தச் சரக்கில் வினைச்சொல்லைத் தேடினால் கிடைப்பது அரிது. பொருளை விற்றால் அதன் பெயரும் கூடவே கைமாறிவிடும். வினை அப்படி வராது. அது வர வேண்டுமானால் பேசுகிற மனிதர்களே வந்து குடியிருக்க வேண்டும்.

கமுந்திங்கில் என் அக்கா மகன், படிவம் ஐந்து மாணவன், ஆறு மாதமாக அந்த மனிதர்களைத்தான் குடியமர்த்திக்கொண்டிருக்கிறான். லத்தீன் பேசிய ஒரு கூட்டம் மிளகு வாங்க முசிறிக்கு வந்து, தமிழ்ப் பெண்களை மணந்து அங்கேயே தங்கி, சில தலைமுறைக்குப் பின் கடாரத்துக்குக் கப்பலேறி, அங்கிருந்து லாருட் பக்கம் ஈயம் தோண்ட இறங்கியிருந்தால் இன்று அவர்கள் பேச்சு எப்படி இருக்கும்? இதற்கு விடையாக ஒரு மொழியையே நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறான். முசிறிக்கு வந்த யவனரில் பலர் கிரேக்கம் பேசியவர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். “கதைக்குத்தானே மாமா” என்றான்.

உலகில் இந்தப் பித்து பிடித்தவன் இவன் மட்டுமல்ல. நியூசிலாந்தின் ஆண்ட்ரூ ஸ்மித், பிரிட்டனில் லத்தீன் வேரூன்றி வேல்ஸ் மொழியின் ஒலிமாற்றங்களுக்கு ஆளாகியிருந்தால் என்னவாகும் என்று கற்பனை செய்து, 1996இல் பிரிதெனிக் என்ற மொழியை உருவாக்கினார். அதே விளையாட்டைப் போலந்து மொழியின் ஒலிகளைக் கொண்டு ஆடியவர் நெதர்லாந்தின் யான் வான் ஸ்டீன்பெர்கன். அவருடைய மொழி வெனெடிக், ஆண்டு 2002. நம்மவர்களில் மதன் கார்க்கி ‘பாகுபலி’க்காகக் கிளிக்கியைப் படைத்தார். கிளிக்கிக்குத் தாய்மொழி கிடையாது. படைத்தவர் வைத்ததே சட்டம். லத்தீனுக்கு மகளைப் பெற்றுத் தருகிறேன் என்று கிளம்பியவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. தாய் கொடுத்த விகுதிகளைத்தான் தேய்த்துத் தேய்த்துப் பயன்படுத்த வேண்டும்.

அந்தத் தேய்மானத்தில்தான் பையன் மாட்டிக்கொண்டான். லத்தீனில் ‘அமாவித்’ என்றால் நேசித்தான். ‘அமாபித்’ என்றால் நேசிப்பான். கோபத்தைக் கோவம் என்றும் பஸ்ஸை பஸ்ஸு என்றும் சொல்கிற தமிழ் வாயில் இந்த இரண்டையும் போட்டுப் பாருங்கள். இரண்டுமே ‘அமாவிது’ ஆகிவிடும். “மாமா, காதலிச்சான், காதலிப்பான் ரெண்டும் ஒன்னாயிடுச்சு. இந்த மொழியில யாரும் கல்யாணமே பண்ண முடியாது” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டைக் கொண்டுவந்து நீட்டினான்.

ரோமானிய மக்களுக்கும் இதே சங்கடம் வந்தது. அவர்கள் வாயிலும் பகரமும் வகரமும் நெருங்கிவிட்டன. பழைய எதிர்காலம் வழக்கொழிந்ததற்கு அறிஞர்கள் கூறும் காரணங்களில் இதுவும் ஒன்று. அந்த இடத்துக்கு மக்கள் ‘அமாரே ஹாபெத்’ என்ற இரண்டு சொற்களைக் கொண்டுவந்தார்கள். ‘நேசிக்க இருக்கிறான்’ என்பது போல வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டித் தேய்ந்ததில் ஸ்பானியத்தில் அமாரா, இத்தாலியத்தில் அமெரா, பிரெஞ்சில் எமரா என்று புதிய எதிர்காலம் முளைத்தது.

நாம் மட்டும் என்ன செய்தோம்? வர வேண்டும் என்பதை வரணும் ஆக்கினோம்; வந்துவிட்டேன் என்பதை வந்துட்டேன் ஆக்கினோம். ‘வந்தாள்’, ‘வந்தால்’ இரண்டும் பேச்சில் ‘வந்தா’ ஆகி எத்தனையோ காலமாயிற்று. ‘அவ வந்தா’ என்று ஆரம்பித்தால், வந்தே விட்டாளா, வந்தால் என்று பேசுகிறார்களா என்பது அடுத்த சொல் வரும்வரை தெரியாது. யாரும் குழம்பி நிற்பதில்லை. ஒரு தமிழாசிரியராக இதைக் கொச்சை என்று கழித்துக்கட்ட எனக்கு மனம் வருவதில்லை. தொல்காப்பியர் காலத்திலிருந்து வினைமுற்று இப்படி உடைந்தும் ஒட்டியும்தான் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

பையனுக்கு இன்னொரு வழியும் இருந்தது. அதற்கான சாட்சி நம் நாட்டிலேயே இருக்கிறது. 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியரின் வழிவந்த மக்கள் உஜோங் பாசிரில் பேசும் கிறிஸ்தாங், லத்தீனின் பேத்தி. அதில் ஆள் காட்டும் விகுதிகள் எதுவும் மிஞ்சவில்லை. ‘யோ ஜா பாய்’ என்றால் நான் போனேன். ‘யோ தா பாய்’ என்றால் போய்க்கொண்டிருக்கிறேன். ‘யோ லோகு பாய்’ என்றால் போவேன். வினை அசையாமல் நிற்கிறது. முன்னால் நிற்கும் சொல் காலத்தைச் சொல்கிறது, மலாயில் சூடா, செடாங், ஆகான் சொல்வது போல. இத்தாலியக் கணித மேதை ஜுசெப்பே பேயானோ 1903இல் விகுதியில்லாத லத்தீன் ஒன்றை அறிவித்தார். மலாக்கா மீனவர்கள் எந்தப் பேராசிரியரும் இல்லாமலே அவரை முந்தியிருந்தார்கள்.

எங்கள் அம்மாவும் இந்த ரகத்தில் சேர்த்திதான். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சீனர் கடையில் ‘சூடா பாயார்’ என்று இரண்டே சொல்லில் கணக்கை முடிப்பார். வீட்டுக்கு வந்தால் ‘குடுத்துட்டேன்டா’ என்பதில் காலம், இடம், எண், எதிரே இருப்பவன் மகன் என்பது வரை எல்லாம் இருக்கும். பாட்டியின் இந்த இரண்டு பேச்சையும் கேட்டபிறகு பையன் ஒரு முடிவுக்கு வந்தான். அவன் மொழியில் இப்போது ஈயச் சுரங்கத்துக்கு ஒரு எதிர்காலம், வீட்டுக்கு ஒரு எதிர்காலம். சுரங்கத்தில் கிறிஸ்தாங் மாதிரி முன்னால் ஒரு சொல், வீட்டில் ‘அமாராவே’. என்னைக் கேட்டால், அந்த நோட்டிலேயே சிறந்த பக்கம் அதுதான். யாரோடு பேசினார்கள் என்பதை வைத்து அவன் வினையை வகுத்திருக்கிறான்.

அக்காவுக்கு இதெல்லாம் எரிச்சல். எஸ்பிஎம் தேர்வில் தமிழை எடுப்பதா விடுவதா என்ற பேச்சு அந்த வீட்டில் இன்னும் முடியவில்லை. தமிழ் இலக்கணம் கசக்கிறது என்பவன், செத்துப்போன மொழியின் இலக்கணத்தோடு ராத்திரி ஒரு மணிவரை விழித்திருந்தால் எந்தத் தாய்க்குத்தான் கோபம் வராது?

போன வாரம் கடைசிப் பக்கத்தைக் காட்டினான். அதில் லத்தீன் இல்லை. ஐநூறு ஆண்டுக்குப் பிந்தைய கமுந்திங் தமிழ் என்று தலைப்பு. இன்று நம் பிள்ளைகள் வெளிச்சொல் எதுவானாலும் ‘பண்ணு’ சேர்த்துவிடுகிறார்கள்: பார்க் பண்ணு, கால் பண்ணு, தாப்பாவ் பண்ணு. ஆக விகுதியைச் சுமக்கிற வேலை பண்ணுவின் தலையில் விழுகிறது. அதுவும் தேய்ந்து வேர்ச்சொல்லோடு ஒட்டிக்கொண்டால், ‘தாப்பாவ் பண்ணிட்டேன்’ என்பது ‘தாப்பாணிட்டேன்’ ஆகும் என்று கணக்குப் போட்டு, தன்மை, முன்னிலை, படர்க்கை என முழு வாய்பாடும் எழுதியிருந்தான். பேசுவதற்கு அன்று ஆள் இருப்பார்களா என்று கேட்டேன். “இருந்தா இப்படித்தான் பேசுவாங்க” என்றான்.

சமையல்கட்டிலிருந்து வந்த அக்கா நோட்டை எட்டிப் பார்த்தாள். பலர்பால் கட்டத்தில் ‘தாப்பாணிட்டார்’ என்று இருந்தது. “யாருடா அப்படிப் பேசுறா? ‘ட்டாங்க’ன்னு போடு” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் அடித்துவிட்டு மாற்றி எழுதினான்.